பதினான்கு எழுத்துக்குள் அடங்காத பெயர்

கம்ப்யூட்டர் செய்யும் பிரென்லாக் கம்பெனியை அமெரிக்க மேற்குக் கரையின் பெரிய நிறுவனம் ஒன்று விழுங்கிவிட்ட செய்தி வந்த அன்றே, லோவல் நகரத்தில் டோரீன் பெல்ட்டியே தன் இயந்திரங்களை எண்ணிப் பார்த்தாள். பனிச்சறுக்கு மலைகளில் ஆட்களை மேலே ஏற்றும் தொங்கு நாற்காலிகளைச் செய்கிற தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு. அங்கே வரைபடம் போட வைத்திருந்த பதினொரு வொர்க்ஸ்டேஷன்களும் பிரென்லாக் செய்தவை. முதலாளி வால்ட் ஹாகார்ட்டியிடம் மூன்று வருடம் முன்பு பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தவள் அவள்தான்.

வாங்கிய புதிய நிறுவனத்தின் இயந்திரங்களோ வேறு ஜாதி. நெட்வொர்க்கும் வேறு, இது பேசுவது அதற்குப் புரியாது. பிரென்லாக்கின் விற்பனைக்காரன் கர்ட்டிஸ் லிண்ட்குவிஸ்ட் ஓடி வந்து, ஒரு வாடிக்கையாளரையும் நடுத்தெருவில் விடமாட்டோம் என்றான். புதிய இயந்திரங்கள் நான்கு வாங்கினால் போதும், இரண்டையும் இணைக்கும் பெட்டியைத் தானே கொண்டுவந்து பொருத்துவதாகவும், பழைய இயந்திரங்களுக்குப் பத்து வருடம் உத்தரவாதம் என்றும் சொன்னான். வால்ட் டோரீனைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கர்ட்டிஸ் அதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை.

செப்டம்பரில் பெட்டி வந்தது. புதிய வரைபடங்களை முதலிலும் பழையவற்றைப் பிறகுமாக பிரென்லாக் இயந்திரங்களிலிருந்து புதிய இயந்திரங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பிழைச் செய்தி கூட வரவில்லை. வால்ட் அவள் மேசையில் ஒரு காபி வைத்துவிட்டுப் போனார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

நவம்பர் முதல் வாரத்தில், மகள் கல்யாணத்துக்காக லீவில் போயிருந்த எமில் ஸாபோ பட்டறைக்குத் திரும்பினார். இருபத்தாறு வருடமாக இரும்பு கடைகிறவர். வந்ததும் வராததுமாக ஒரு வரைபடத்தையும் ஒரு கவ்வியையும் எடுத்துக்கொண்டு டோரீனின் அறைக்கு வந்தார். நாற்காலியைக் கம்பிவடத்தோடு பிடித்து வைத்திருப்பது அந்தக் கவ்விதான்.

"இதோட தாடை ஏன் இவ்வளவு மெலிசா இருக்கு? சோதனைல விரிசல் விட்டுச்சுன்னுதானே தடிப்பா மாத்தி வரைஞ்சாங்க?"

"மாத்தினாங்களே. நாலாவது திருத்தம். அதைத்தான் அனுப்பினோம்."

"மூலையில பாரும்மா. மூணுன்னு போட்டிருக்கு."

டோரீன் பழைய இயந்திரத்தில் தேடினாள். மூன்றாம் திருத்தம், நான்காம் திருத்தம் இரண்டும் பத்திரமாக இருந்தன. நீளமான பெயர்கள், கடைசி எண் மட்டும்தான் வித்தியாசம். புதிய இயந்திரத்தில் ஒன்றுதான் இருந்தது. அது பெயரில் முதல் பதினான்கு எழுத்துகளை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியிருந்தது. வெட்டியதும் இரண்டுக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டது. பின்னால் போன பழைய வரைபடம் புதியதன் மேலேயே ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிட்டது, சத்தமே இல்லாமல்.

எத்தனை கவ்வி போயிருக்கிறது என்று கேட்டாள். பதினாறு, வெர்மான்ட் மாநிலத்தில் டன்லீ பனிச்சறுக்கு மலைக்கு, மாட்டியும் ஆயிற்று என்றார் எமில். சனிக்கிழமை அங்கே சீசன் திறப்பு.

முதலில் மலைக்குத்தான் போன் போட்டாள். அதை நடத்தும் கிளாடிஸ் ஆர்ட்வே முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு, "நேத்து என் பேரப் பிள்ளைங்களத்தான் அதுல ஏத்தி ஓட்டிப் பார்த்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்து, பெட்டி விற்ற கம்பெனியின் சப்போர்ட் எண். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு பேசிய ஆள், அது தெரிந்த விஷயம்தான் என்றான். ஜூலையிலேயே உள் அறிக்கையில் எழுதியிருப்பதாகவும் சொன்னான். உள் அறிக்கை வாடிக்கையாளருக்கு வராதா என்று கேட்டதற்கு, வராது, அதனால்தான் அது உள் அறிக்கை என்றான்.

வால்ட் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பட்டறையில் தவறு நடந்ததாக மலைக்கு எழுதலாமா என்று யோசித்தார். "பட்டறை மேல பழி போடாதீங்க, வால்ட். எமில்தான் கண்டுபிடிச்சாரு. என் பேரை எழுதுங்க," என்றாள் டோரீன். அவர், "நீ சொன்னேன்னுதான் நம்பினேன்," என்றார். கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினார்.

மறுநாள் கர்ட்டிஸ் வந்தான். ஜனவரியில் வரும் அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தான். டோரீன் ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவன் பேனாவை எடுத்தான். எழுதவில்லை.

"ஜூலையிலயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமா. அந்த அறிக்கை எழுதினவரையே ஆகஸ்ட்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பழைய நெட்வொர்க்கைப் பார்க்க இப்ப ரெண்டே பேர்தான் இருக்காங்க, டோரீன்."

"அப்ப பத்து வருஷம்னு யார் சொல்லச் சொன்னது?"

"மேல சொன்னாங்க. நான் சொன்னேன். நீங்க என்னை நம்பின மாதிரிதான் நானும்."

அவன் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை. மன்னிக்கவும் மனம் வரவில்லை. பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

டன்லீ மலை பதினாறு நாள் தாமதமாகத் திறந்தது. தடித்த கவ்விகளை எமிலே கொண்டுபோய் மாட்டினார். யாருக்கும் அடிபடவில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல்தான் அவளைத் தூங்கவிடவில்லை. எமில் இன்னும் ஒரு வாரம் கல்யாண வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதன் பிறகு இரண்டு நெட்வொர்க்கையும் அவள் சேர்க்கவே இல்லை. வரைபடங்களைக் காந்த டேப்பில் ஏற்றிப் பக்கத்து அறைக்கு அவளே எடுத்துப் போனாள். ஒவ்வொரு பெயரையும் சுருக்கி, மூன்று முறை சரிபார்த்து, தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். எமில் வாங்கிக்கொள்வார், காகித வரைபடத்தை விரித்து, விரலை வைத்து ஒவ்வொரு அளவாகத் தானும் பார்ப்பார். முன்பெல்லாம் அவர் அப்படிச் செய்ததில்லை.

"தப்பா நினைச்சுக்காதம்மா," என்பார், கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல்.

அவர் பார்த்து முடிக்கும்வரை டோரீன் நின்றுகொண்டிருப்பாள்.