பெரியவர் குடிவந்த நாள்

"மெதுவாடா, கவுத்துப்புடாத," என்றாள் அக்கா.

சலவைக் கூடையின் ஒரு பிடி அவள் கையில், மறுபிடி தம்பியின் கையில். உள்ளே அப்பாவின் ஆமை. மூன்று மாடி ஏற வேண்டும். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது என்றைக்குத்தான் செய்தது? அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, அவர் வீட்டைப் பூட்டி, நேராக அவள் வீட்டுக்கு வருகிறார்கள். செருப்பில் ஒட்டியிருந்த ஈரமண் படிக்குப் படி உதிர்ந்தது.

"அப்பாவத் தூக்கினப்பகூட இவ்வளவு கனம் தெரியலக்கா."

சொன்ன பிறகுதான் தம்பிக்கு உறைத்தது போலிருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அடுத்த படியில் கால் வைத்தாள். சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. ஆளுக்குப் பதில் சொல்வதே ஒரு வேலையாக இருந்தது.

ஆமைக்கு அப்பா வைத்த பெயர் பெரியவர். "எனக்கே மூத்தது" என்பார். யாரும் சரிபார்த்ததில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவருக்குத் துணை அதுதான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காலையில்கூட, மூக்கில் குழாயோடு, "பெரியவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டாருப்பா," என்றாள்.

பச்சைப் பொய். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய நாளிலிருந்து அது வாயே திறக்கவில்லை. அவர் "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எதையும் கேட்கவில்லை. அந்த "சரி"தான் அவளைப் போட்டுப் பிடுங்கியது. நம்பிக்கொண்டு போய்விட்டாரே மனுஷன். இனி அந்தப் பொய்யை மெய்யாக்குவது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

பால்கனியில் தம்பி பழைய கட்டில் பலகைகளை அறைந்து அடைப்பு செய்திருந்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன் அடித்த ஆணி, பாதி கோணல். உள்ளே மண், தண்ணீர்த் தட்டு, கீரை. மூலையில் அப்பா வீட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பெட்டி, கவிழ்த்து, வாசல் அறுத்தது. பெரியவர் தூங்குவது அதற்குள்தான்.

கூடையிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆமை பெட்டி வாசல்வரை போனது. கழுத்தை நீட்டியது. இழுத்துக்கொண்டது. பிறகு திரும்பி, பலகை ஓரமாகவே நடந்து, மூலையில் முட்டி, நகத்தால் விறாண்டத் தொடங்கியது. மறுபடி சுற்றியது. மறுபடி அதே மூலை. கீரை காலில் மிதிபட்டது.

தம்பி கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"பெட்டி பழைய பெட்டிதானம்மா? உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"அப்பாவோட பழைய சட்டை. எப்பவும் அதுலதான் படுக்கும்."

"அப்ப போயிருக்கணுமே."

"துவைச்சுப் போட்டேன், டாக்டர்."

"பெட்டி?"

"அதையும்... மருந்து ஊத்தித் தேச்சுட்டேன்."

"வாசனைதாம்மா அதுக்கு வீடு. அது போச்சுன்னா ஒளியறதுக்கு இடம் தேடி அலைஞ்சுகிட்டே இருக்கும். ஏற்கெனவே பட்டினி. தாங்காது. துவைக்காத துணி ஏதாவது இருந்தாப் போட்டுப் பாருங்க."

போனை வைத்ததும் தம்பி திரும்பினான். "கைய வச்சுக்கிட்டு ஒரு நாளாவது சும்மா இருக்க மாட்டியாக்கா நீ?"

மாட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அப்பா அவளைச் 'சோப்பு' என்றுதான் கூப்பிடுவார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்த அன்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் போக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி துவைப்பது. போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை, கொடியில் கிடந்த சட்டைகள், கடைசியில் ஆமையின் பெட்டி. வீட்டையே வெளுத்துவிட்டாள். அப்பா திரும்பி வந்து சுத்தமாகப் படுப்பார் என்று நினைத்தாள்.

"துவைக்காதது ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லடா."

தம்பி பெருமூச்சு விட்டு டீ போட உள்ளே போனான்.

இருந்தது. கதவில் தொங்கிய அவள் கைப்பையில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா போட்டிருந்த சட்டை. நர்ஸ் அதை அவள் கையில் கொடுத்ததும் பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டவள்தான், இன்னும் அவிழ்க்கவில்லை. அந்த மாதிரிப் பைகள் அவளிடம் தள்ளுவண்டி நிறைய வரும். அவிழ்ப்பாள், உதறுவாள், மெஷினுக்குள் வீசுவாள். யாருடையது என்று பார்த்ததே கிடையாது. இதை மட்டும் அவிழ்க்கப் பயமாக இருந்தது. அவிழ்த்தால் வாசனை போய்விடும். மற்றதையெல்லாம் அவளே அலசிச் சாக்கடையில் ஊற்றியாயிற்று. அப்பா என்று மிச்சமிருப்பது இவ்வளவுதான். இதையும் ஒரு ஆமைக்குக் கொடுக்க வேண்டுமா?

"எனக்குன்னு ஒண்ணு இருக்கக் கூடாதா?" என்றாள் ஆமையைப் பார்த்து.

அது விறாண்டியது. முன்போல் வேகம் இல்லை. ஒரு தடவை விறாண்டும், நிற்கும், பலகையில் தலையைச் சாய்க்கும்.

எழுந்து போய்ப் பையை எடுத்துவந்தாள். முடிச்சு விரலுக்கு மசியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். சட்டையில் முகத்தைப் புதைத்தாள். வலித் தைலம், வியர்வை, பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் புதினா மிட்டாய். அப்பாதான். அப்படியே இருந்தார். அடக்கத்தின்போது வராத அழுகை இப்போது வந்தது. சட்டை நனைந்துவிடக் கூடாது என்று உடனே முகத்தை விலக்கிக்கொண்டாள். துவைத்த சட்டையை உருவிப் போட்டுவிட்டு, இதைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஆமை உடனே வரவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பியது. வாசலில் கழுத்தை நீட்டியது. ஒரு காலை வைத்தது. பிறகு ஓடு பெட்டியில் உரச, முழுக்க உள்ளே போய்விட்டது.

டீயோடு வந்த தம்பி குனிந்து பார்த்தான். சட்டையை அடையாளம் தெரிந்துவிட்டது. "இது உன்கிட்டயா இருந்துச்சு?"

"ம்."

அவன் டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். பெட்டி வாசலில் நீட்டியிருந்த சட்டைக் கையிலிருந்து மண்ணுக்கு ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, சட்டையிலயே ஒண்ணுக்குப் போயிட்டாருக்கா பெரியவரு!" சிரித்துவிட்டான். பிறகு அவசரமாக, "எடுக்கா, அலசிப் போட்டுரலாம்," என்றான்.

"வேணாம்," என்றாள் அக்கா. "இருக்கட்டும்."

டீ ஆறிப்போனது. பெட்டி வாசலில் கிடந்த கீரையின் ஒரு முனை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அவள் மடியில் கிடந்த காலிப் பையை எடுத்து, வாயைக் கூட்டி, பழையபடி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.