மூன்றாவது ஓலை

1926 தை மாதம், ரங்கூன் மாதா கோயிலில் எனக்கும் அமலிக்கும் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம். தடை சொன்னவர், ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார்.

எல்லாம் போட்டாதாங் பக்கத்துத் தேநீர்க் கடையில் வந்த வினை. அரிசி மூட்டைக் கிட்டங்கியில் என்னோடு வேலை பார்க்கும் சாதிக் பாட்சா, உங்கள் யேசு, எங்கள் ஈசா நபி, மனுஷர்தான் என்றான். உடனே எபியோனியரைப் பற்றிப் படித்ததையெல்லாம் கொட்டினேன். இயேசுவை நம்பிய ஆதி யூதர்கள். மெசியா என்று ஏற்றார்கள், கடவுள் என்று ஏற்கவில்லை. யோசேப்புக்கும் மரியாளுக்கும் பிறந்த மகன் என்றார்கள். விருத்தசேதனம் என்கிற சுன்னத்தையும் சனிக்கிழமை ஓய்வையும் விடவில்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் எதிரிகள் எழுதி வைத்ததுதான் என்றும் சொன்னேன். பின்மேசையில் உபதேசியார் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த வாரத்துக்குள், தேவநேசனாகிய நான் சுன்னத் செய்துகொள்ளப் போகிறேன் என்று கோயில் முழுக்கப் பேச்சு. யூதரில் கிறிஸ்தவர் இருந்தார்கள் என்றால் ஒருவரும் நம்பவில்லை. சாதிக்கே கேலி செய்தான்.

"தேதியச் சொல்லுப்பா, விருந்துக்கு ஆடு சொல்லி வைக்கணும்."

மூன்றாம் ஞாயிறு பூசைக்கு முன்னால் சாமியார் என்னை உள்ளே கூப்பிட்டார். அமலியின் அப்பா சிங்கராயரும் நின்றிருந்தார். வாரம் முழுக்க அரிசிக் கப்பலோடு மல்லாடிய களைப்பு எனக்கு. ஆளாளுக்கு விளக்கம் சொன்ன களைப்பு அதைவிடப் பெரிது.

சாமியார் உபதேசியாரைப் போல நீட்டி முழக்கவில்லை.

"அந்தப் பழைய யூதருங்க சொன்னது கெடக்கட்டும், தேவநேசா. நீ என்ன சொல்றே? யேசு கடவுள்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. சொல்லித் தொலையேன் என்பதுபோல சிங்கராயரே தலையை ஆட்டிக் காட்டினார். வாயைத் திறந்தேன்.

"தெரியல்ல, சாமி."

ஓலை வாசிக்கவில்லை.

பூசை முடிந்து, டிராம் நிற்கும் இடத்துக்கு அமலி வந்தாள்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம் என்றேன். அடுத்த ஞாயிறு சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன்.

"எனக்காகப் பொய் சொல்ல வேணாம். அப்புறம் ஆயுசுக்கும் அதச் சொல்லிக் காட்டுவீங்க. ஆனா நீங்க தெரிஞ்சுக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க எனக்குத் தெம்பில்ல."

கோபமே இல்லாமல் சொன்னாள். சிங்கராயர் டிராமில் இடம் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். போய் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த டிராம் காலியாகத்தான் வந்தது. ஏறத் தோன்றவில்லை. நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.