எழுத்தரின் முப்பத்திரண்டு பற்கள்

எழுத்தரின் கடைவாய்ப் பல் ஆற்றைத் தாண்டிப் பறந்துபோய்ப் படைத்தலைவரின் குடையில் ஓட்டை போட்டது. போகிற வழியெல்லாம் "முடியாது" என்று கத்திக்கொண்டே போனது. இரண்டு கரையிலும் சேர்த்து எண்ணூறு பேருக்குக் குறையாமல் அதைக் கேட்டார்கள். நேரம் நண்பகல், காற்று மேற்கிலிருந்து லேசாக வீசியது. பல்லை அனுப்பிய துப்பாக்கி பழைய ரகம். குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கந்தலைத் திணித்து, குண்டைப் போட்டு, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஊரில் அந்த ஒன்றுதான் இருந்தது.

அது சுண்ணாம்புக் காளவாய்களின் ஊர். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு முப்பது வயதுக்குள் பாதிப் பல் போய்விடும். அதனால் எழுத்தரின் அக்காவுக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. பல் பிடுங்குவதுதான் அவள் தொழில், குறடம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஒரு காலை நாற்காலிச் சட்டத்தில் ஊன்றி ஒரே இழுப்பில் முடித்துவிடுவாள். பிடுங்கிய பல்லை அவள் எறிந்ததில்லை. மூடிப்போன மருந்துக்கடையிலிருந்து ஓர் அலமாரி வாங்கி வந்திருந்தாள். அதில் சின்னச் சின்னதாக இருநூறு இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பல்லோடு ஆளின் பேர் எழுதிய சீட்டும் இருக்கும். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "நாளைக்கு அவங்க வந்து கேட்டா கொடுக்கணும்ல?" என்பாள். பல் போனால் சொல் போச்சு என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதான். போன சொல் எங்கே போனது என்று மட்டும் யாரும் விசாரித்ததில்லை.

அவள் கணவர் காளவாய்க் கிடங்குக்குக் காவல்காரர். துப்பாக்கி அவருடையது. ஈயம் ஏற்றி வரும் வண்டிகள் நின்றுபோன வருடத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கெட்டித்துப் பார்த்தார். கூழாங்கல் நன்றாகப் போனது. ஆணி பக்கவாட்டில் பறந்து கொடியில் காய்ந்த சட்டையைச் சுவரோடு அறைந்தது. உப்பு பத்தடிக்கு மேல் போகவில்லை. சுடப்பட்ட காட்டுப்பன்றி நின்று நிதானமாக நக்கிவிட்டுப் போனது. மெழுகுவத்தித் துண்டு ஒன்று ஒரு கதவையே துளைத்துக்கொண்டு போனது. கதவு மாமியார் வீட்டுடையது என்பதால் மனுஷர் ஒரு வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கடைசியில், மனைவிக்குத் தெரியாமல் அலமாரியிலிருந்து ஒரு முன்பல்லை எடுத்துப் பன்றிகளைப் பார்த்துச் சுட்டார். பல் போகும்போதே, "நான் தூங்கல! கண்ணுல சுண்ணாம்பு விழுந்துருச்சு!" என்று அலறியது. ஒன்பது வருடத்துக்கு முன்பு, வேலை நேரத்தில் தூங்கினான் என்று விரட்டப்பட்ட காளவாய்த் தொழிலாளியின் குரல் அது. அன்று அவன் பதில் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தான். பன்றிகள் அதற்குப் பிறகு வரவில்லை. அவனை விரட்டிய மேற்பார்வையாளர் அந்தச் சமயம் அந்த வழியாக வண்டியில் போய்க்கொண்டிருந்தார். மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

குறடம்மா கணவரோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "அது அவன் வாயி. அதைத் தொறக்க நீங்க யாரு?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பல்லுக்கு உரியவர் தாமே வந்து கேட்டால்தான் சுடுவது என்று ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள். தையல்காரி ஒருத்தியின் பல், "எனக்கும் பசிக்கும்" என்றது. அவள் புகுந்த வீட்டில் அன்றிலிருந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தச்சரின் பல் இருபது வருடம் கழித்து ஒரு பெண்ணின் பேரைச் சொன்னது. அந்தப் பெண் அதற்குள் பாட்டியாகியிருந்தாள். இருந்தாலும், தெரிந்ததில் சந்தோஷம் என்று சொல்லியனுப்பினாள். இப்படியே பதினாறு வருடம் போயிற்று. ஊர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினார்கள்.

எழுத்தர் மட்டும் ஒருநாளும் வந்து கேட்கவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவர் அவர். பட்டப்பேர் 'சரிங்க'. எதைச் சொன்னாலும் அதுதான் பதில். பத்தொன்பது வயதில் முதல் பல்லும் ஐம்பத்தொன்றில் கடைசிப் பல்லும் போயின. முப்பத்திரண்டையும் அக்காவே பிடுங்கினாள். ஒரு தடவைகூட அவர் முனகியதில்லை. அவர் மனைவியைப் பார்த்து, இப்படியொரு வாயில்லாப் பூச்சியோடு எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாய் என்று பெண்கள் கேட்பார்கள். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

அந்த வருடம் படைத்தலைவர் அறுநூறு பேரோடு வந்து எதிர்க்கரையில் கூடாரம் அடித்தார். வீட்டுக்கு ஓர் இளைஞன் வீதம் இருநூறு பேர் படைக்கு வேண்டும், பேர்ப்பட்டியல் மறுநாள் நண்பகலுக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் ஊர் எரியும் என்று சொல்லியனுப்பினார். யாருக்கு என்ன வயது என்று தெரிந்தவர் எழுத்தர் ஒருவர்தான். ஊராட்சித் தலைவர் அவர் முகத்தைப் பார்க்காமல், "எழுதிக் கொடுத்துருப்பா. வேற வழியில்ல" என்றார். "சரிங்க" என்றார் எழுத்தர்.

மறுநாள் காலை பதினோரு பேரை எழுதினார். பன்னிரண்டாவது, ரொட்டிக்கடைக்காரரின் மகன். அவன் பிறந்ததைப் பதிய வந்தபோது அவன் அப்பா சந்தோஷத்தில் கையை ஆட்டி மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டார். பதிவேட்டில் அந்தக் கறை இன்னும் நீலமாக இருந்தது. எழுத்தர் அந்தக் கறையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார்.

"அக்கா, என் பல்லு இருக்கா?"

குறடம்மா பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்தாள். "உன்னோடது மட்டும் மூணு இழுப்பறைடா. இன்னைக்காவது வாயத் தொறந்து கேட்டியே."

செய்தி தெரிந்து ஊராட்சித் தலைவர் ஆற்றங்கரைக்கு ஓடி வந்தார். "ஊரக் கொளுத்திருவான்யா! வேணாம்யா!" என்று காவல்காரரின் கையைப் பிடித்தார். எழுத்தரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். பிறகு நாத்தனாரின் மடியிலிருந்த பற்களைக் கிளறினாள்.

"கடைசியா பிடுங்கின இந்தக் கடைவாய்ப் பல்ல முதல்ல போடுங்க அண்ணி. தூக்கத்துல இவரு இதைத்தான் நறநறன்னு கடிப்பாரு. இருபது வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். இதுக்குள்ள என்னமோ இருக்கு."

காவல்காரர் மருந்து கொட்டினார். திணிக்கக் கந்தல் தேடியபோது, எழுத்தர் பையிலிருந்த பட்டியலை எடுத்துக் கிழித்து நீட்டினார். "மாமா, விசைய நான் இழுக்குறேன்" என்றார். வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்பதால், உதைத்தபோது மல்லாந்து விழுந்தார். குடையில் ஓட்டை விழுந்ததும் எதிர்க்கரையில் சிரித்தார்கள். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டினார்.

முப்பத்திரண்டு பற்களும் ஒரே சொல்லைத்தான் சொல்லின. கடைசியில் பிடுங்கியது முதலில் வந்தது. அதனால் ஐம்பத்தொரு வயதுக் குரலில் தொடங்கி, நாற்பது, முப்பது என்று குரல் இளமையாகிக்கொண்டே போயிற்று. பத்தாவது பல்லில் எதிர்க்கரையில் சிரிப்பு நின்றது. சிப்பாய்களும் வருடக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள்தாம். இருபதாவதில் தாடையைத் தடவிக்கொண்டார்கள். பத்தொன்பது வயதுப் பையனின் தெளிவான குரல் ஆற்றைக் கடந்து வந்தபோது, முன்வரிசையில் பாதிப் பேருக்கு அதே வயது. ஆற்றில் இறங்குங்கள் என்று படைத்தலைவர் உத்தரவிட்டார். முன்வரிசை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு, "முடியாதுங்க" என்றது. அவர் இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை பின்வரிசைதான் முதலில் சொன்னது. சாயங்காலத்துக்குள் கூடாரங்கள் போய்விட்டன. படைத்தலைவர் ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக வடக்கே போனார்.

வீடு போய்ச் சேரச் சந்து வழி இருக்க, எழுத்தரின் மனைவி அவரைக் கடைவீதி வழியாகச் சுற்றி அழைத்துப் போனாள். யாரும் அவரைப் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார்.

அவள் கையிலிருந்த அகப்பையைப் போட்டாள். அடுப்பைக்கூட அணைக்காமல் தெருவுக்கு ஓடினாள். "கேட்டீங்களா, என் வீட்டுக்காரர் உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டாரு!" என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். பற்கள் பேசியதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் பெரிதாகப் பேசவில்லை, அது தெரிந்த விஷயம்தான். உப்பு விஷயத்தை மட்டும் ஒரு மாதம் பேசினார்கள்.