மையில் தெரிந்த ஆள்

வெற்றிலையைச் சுற்றி இருந்தவர்கள், நடுவில் பேச்சித்தாய் மதினி, கால் முதலில் வந்து பிறந்தவள் கண்ணுக்குத்தான் மை தெரியும் என்று அவளைப் பலகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள், எதிரே வெளியூரிலிருந்து கூட்டி வந்த மைக்காரர், பக்கத்தில் அக்கா சண்முகக்கனி, சுவரோடு சாய்ந்து மச்சான் அய்யாத்துரை, லாரி ஷெட்டில் வேலை பார்க்கும் செண்பகராஜ் அண்ணாச்சி, வாசலை அடைத்துக்கொண்டு மில் லைன் வீட்டுச் சனம், பேச்சித்தாயின் முதுகுக்குப் பின்னால் பச்சைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான், இல்லாதது ரோகிணி மட்டும், அக்காவின் மகள், முனைக் கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. மதினி உள்ளங்கையில் வெற்றிலை, வெற்றிலையில் விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த மை, எண்ணெய் வெயிலில் மினுங்குகிறது, மற்ற யாரும் குனிஞ்சு பாக்கக் கூடாது, பாத்தா மை செத்துப்போகும், தெரியிறத யோசிக்காமச் சொல்லு தாயி என்கிறார் மைக்காரர், மதினி கண்ணைச் சுருக்குகிறாள், பச்சையா ஒண்ணு தெரியுது சாமி, துண்டு மாதிரி இருக்கு, ஆம்பள ஆளு, மீச இருக்கு, என்கிறாள், அவள் பொய் சொல்லவில்லை, தெரிந்ததைத்தான் சொன்னாள், அவளுக்குப் பின்னால் நான் நின்றேன், எண்ணெயில் என் துண்டு விழுந்தது, அவ்வளவுதான், ஆனால் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பியபோது, நான் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், துண்டு பச்சையாகத்தான் இருந்தது.

நான் சொன்னேன், அது என் நிழல், நான் பின்னால் நிக்கேன்ல, என்று, மைக்காரர் சிரித்தார், நிழல் தெரிய இது என்ன கண்ணாடியா தம்பி, மை இங்க இருக்குறதக் காட்டாது, நடந்ததத்தான் காட்டும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஏற்கெனவே பாதி முடிவு செய்திருந்தார்கள், அந்த நாளில் லைனில் பகலில் வீட்டில் இருந்த ஆம்பளை நான் ஒருவன், இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டில் பிள்ளை போனது தெரியாமல் ஒருவன் எப்படித் தூங்குவான் என்று கேட்டார்கள், இரவெல்லாம் நூல் இழுத்துவிட்டு வந்தவன் எப்படித் தூங்குவான் என்று மில்லில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், எல்லோரும் மில்லில்தான் வேலை பார்த்தார்கள். போலீஸ்காரர்கள் கூட்டிப் போனார்கள், அடித்தார்கள், ஒன்றும் இல்லை என்று விட்டார்கள், ஒன்றும் இல்லாதவனை எதுக்கு அடிச்சாக என்று அதற்கும் லைனில் ஒரு கேள்வி இருந்தது. இரவு ஷிப்டை விட்டேன், பிறகு மில்லையே விட்டேன், அதுவும் சேர்ந்துகொண்டது, மனசு உறுத்தாதவன் வேலைய விடுவானா.

செண்பகராஜ் அண்ணாச்சிக்குச் சொல்லத் தெரியும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும், டீக்கடை பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்தால் போதும், ஏல, அவன் அந்தப் பிள்ளைய ரயிலடி வழியாத்தான் கூட்டிட்டுப் போயிருக்கான், சிவப்பு ரிப்பன், கையில ஒரு பன்னு, கேரளாவுல பிள்ளை இல்லாத வீட்டுக்கு, இப்ப அங்க மலையாளம் பேசிக்கிட்டு நல்லாத்தான் இருக்கும், என்பார், இன்னொரு நாள் புதையலுக்குப் பலி கொடுத்தது என்பார், பஞ்சுக் குடோனுக்குப் பின்னாலிருக்கும் பாழுங்கிணறு என்பார், மழை நாளில் கிணறு, வெயில் நாளில் ரயில். பிறகு செல்போன் வந்தது, மைக்கைப் பிடித்துக்கொண்டு பையன்கள் வந்தார்கள், என் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, இந்தக் கண்களைப் பாருங்கள் மக்களே என்றார்கள், எங்கோ துபாயிலிருந்து ஒருவன் என் கண்களைப் பார்த்துவிட்டு நான்தான் என்று எழுதியிருந்தான், நான் கண்ணாடியில் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கேட்டுக்கேட்டு அவையெல்லாம் எனக்கு நடந்தவையாகிவிட்டன, அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை, அன்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை, தூங்கினேன், ஆனால் கண்ணை மூடினால் சிவப்பு ரிப்பன் வருகிறது, தண்டவாளத்து ஜல்லியில் அவள் செருப்பு சறுக்குகிறது, என் சுட்டு விரலை அவள் பிடித்திருக்கிறாள், மாமா இன்னும் எம்புட்டுத் தூரம் என்கிறாள், இந்தா வந்துட்டோம் என்கிறேன், பன்னில் பாதியைப் பிய்த்து எனக்குத் தருகிறாள், அதன் இனிப்பு நாக்கில் இருக்கிறது, ரயில் வருகிறது, அவளைத் தூக்கி ஏற்றுகிறேன், அவள் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே போகிறாள், நான் அங்கேயே நிற்கிறேன், விழித்துப் பார்த்தால் வியர்வை, நடுப்பகல், அக்கா வீட்டுக் குக்கர் சத்தம். எழுந்து போய்ச் சாப்பிடுவேன்.

ஏனென்றால் அக்கா எனக்குச் சோறு போட்டாள், மச்சான் திருப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிறகும், லைனே என்னைப் பார்த்துப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகும், மதியம் ஆனால் தட்டு வைத்தாள், பிள்ளையத் தொலச்சவனுக்கு வடிச்சுக் கொட்டுறா, ரெண்டு பேருக்கும் கூட்டு, இல்லன்னா எந்தப் பொம்பள செய்வா, என்று அவள் காதுபடவே அண்ணாச்சி சொன்னார், அவள் என் எதிரே உட்கார்ந்து நான் உண்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள், இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தவா என்பாள், பேச்சு அவ்வளவுதான், நான் அதை வைத்துத்தான் உயிரோடு இருந்தேன், லைன் நம்பாவிட்டால் என்ன, ஊர் நம்பாவிட்டால் என்ன, அக்கா என்னை நம்புகிறாள், நம்பாமலா எதிரே உட்கார்ந்து சோறு போடுவாள்.

பிறகு அண்ணாச்சியின் கிடா காணாமல் போனது, நேர்ந்து விட்ட கிடா, அதே மைக்காரர், தாடி நரைத்திருந்தார், அதே பேச்சித்தாய் மதினி, கண்ணில் புரை விழுந்து கையும் நடுங்க, ஏ கனி, இந்த வெத்திலைய நீ பிடிச்சுக்கோ, நான் பாத்துச் சொல்லுதேன் என்றாள், அக்கா உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள், மதினி மூக்கு முட்டக் குனிந்தாள், கட்டம் போட்ட சட்ட தெரியுது சாமி, வழுக்கத் தல, என்றாள், பின்னால் அண்ணாச்சி கட்டம் போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார், யாரோ, என்ன அண்ணாச்சி, ஒம்ம கிடாவ நீரே களவாண்டீராக்கும், என்றார்கள், நேந்துக்கிட்ட சாமிய ஏமாத்தப் பாக்கீரு, கறி எங்க அண்ணாச்சி, எங்களுக்கும் ஒரு கூறு போடும், என்று லைனே சிரித்தது, அண்ணாச்சியும், போங்கல, மை பழசாயிட்டு, என்று சிரித்தார், சாயங்காலம் கிடா தானே வந்து சேர்ந்தது. நானும் தள்ளி நின்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, மற்றவர்கள் கலைந்த பிறகும் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சாய்த்தாள், இப்படிச் சாய்த்தாள்.

மறுநாள் மதியம் போனேன், தட்டு வைத்திருந்தாள், சோறு போட்டாள், எதிரே உட்காரவில்லை, நின்றாள். நான் பாத்தேன்டா தம்பி, வெத்திலைய என் கையில குடுத்துட்டா, பாக்காம என்ன செய்ய, முதல்ல அண்ணாச்சி சட்ட தெரிஞ்சுது, சாய்ச்சா வேப்பமரம் தெரிஞ்சுது, அப்புறம் என் மூஞ்சி தெரிஞ்சுது, அன்னைக்கி உன் துண்டுதான் அதுல விழுந்திருக்கு, நீ இல்ல, என்றாள். நீ இல்ல. இந்தச் சொல்லுக்காகத்தான் இருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கையில் சோற்றை வைத்துக்கொண்டு, அதான் உனக்கு முன்னமே தெரியுமேக்கா, என்றேன்.

தெரியாது, என்றாள். நீதான்னு இருந்தேன், அன்னையிலிருந்து நேத்து வர நீதான்னு இருந்தேன், எல்லாரும் அடிச்சுக் கேட்டாக, அடிச்சா நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும், சின்னதுலயே அப்படித்தான், அதான் சோறு போட்டுக் கேட்டேன், ஒவ்வொரு உருண்டை நீ முழுங்குறப்பவும் இன்னைக்குச் சொல்லுவான், இந்தா வாயத் தொறக்கான், சொல்லப் போறான்னு பாத்துக்கிட்டு இருந்தேன், அவள எங்க வச்சிருக்கன்னு உனக்குத் தெரியும்ல, அப்ப அவ எங்கயோ இருக்காள்ல, என் எதிர்லதான் அந்த எடம் உக்காந்து சாப்பிடுதுன்னு இருந்தேன், இப்ப உனக்கும் தெரியாதுன்னா நான் யாருகிட்டடா கேக்க.

அவள் அழவில்லை, கணக்கு வராதவள்போல நின்றாள், எனக்குள் ரயில் நகர்ந்தது, அதைச் சொல்லிவிடலாம், இருப்பதிலேயே நல்லது அதுதான், சன்னலோரம், பன்னு, மலையாளம் பேசும் வீடு, சொல்வதற்கு எல்லாம் என்னிடம் இருந்தது, அவள் செருப்பின் சத்தம் வரை இருந்தது, சொன்னால் நாளைக்கும் தட்டு வைப்பாள், வாயைத் திறந்தேன், ரயிலடியில, என்று ஆரம்பித்தேன், சொல்லாத, என்றாள் அக்கா, அது செண்பகராஜ் சொன்னது, நீ தூங்கிக்கிட்டு இருந்த.

சாப்ட்டு முடி, என்றாள். முடித்தேன், தட்டை எடுக்கக் குனிந்தேன், வேண்டாம், நான் எடுத்துக்கிடுதேன், நாளைக்கி வராத, என்றாள், கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை, கடை அடைக்கிறவர்கள் சொல்வதுபோலச் சொன்னாள், கை கழுவினேன், துடைக்கத் துண்டு தேடித் தோளைத் தடவினேன், வேட்டியில் துடைத்துக்கொண்டேன், படி இறங்கினேன், வெளியே குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள், எதையோ புதிதாகச் சொல்ல அவர்களுக்கு இன்று கிடைத்துவிட்டது, என் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, கொண்டி விழுந்தது, பிறகு அக்கா உள்ளிருந்து சாவி திருகினாள்.