சுற்றுவழியில் வந்த வெளிச்சம்

அவளுடைய வானாய்வு நம்பியிருந்த செயற்கைக்கோள் முடங்கிவிட்டது என்ற செய்தியைக் குழுத் தலைவர் கதவருகே நின்றபடியே சொன்னார். அவள் அலுவலகத்தின் சின்னச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தொலைநோக்கியைத் திருப்பும் சுழலி பழுதாகிவிட்டதாம். சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகுமாம். அவளுக்குக் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

நம் விண்மீன் கூட்டத்தின் நடுவே இருக்கும் கருந்துளை இன்று சாதுவாகக் கிடக்கிறது. பூமியிலிருந்து பார்க்கும் கணக்கில், இருநூறு வருடங்களுக்கு முன்னால் அது எதையோ விழுங்கிக் கொழுந்துவிட்டு எரிந்தது என்பது அவள் கணிப்பு. அன்று நேராகக் கிளம்பிய எக்ஸ் கதிர்கள், அவற்றைப் பார்க்கும் கருவி பிறப்பதற்கு முன்பே பூமியைக் கடந்து போய்விட்டன. பக்கவாட்டில் போனவை மட்டும் ஒரு வாயு மேகத்தில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் இப்போது வந்துகொண்டிருந்தன. கல்யாணம் முறிந்தது, அம்மா போனது எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் விடாமல் பார்த்துவந்தது அந்த மேகத்தின் மினுக்கத்தைத்தான். வெளிச்சம் இப்போது மேகத்தின் கடைசி ஓரத்தை எட்டியிருந்தது. அது விலகுவதைப் பார்த்தால்தான் எரிந்தது எவ்வளவு காலம் என்று தெரியும். பார்க்காவிட்டால் அத்தனை வருட உழைப்பும் வெறும் ஊகம். வேலை ஒப்பந்தமும் இந்த வருடத்தோடு சரி.

இன்னும் கொஞ்ச காலம் நீட்டித்துத் தரும்படி தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான். "நான் காத்திருப்பேம்மா. அந்த மேகம் காத்திருக்காதே" என்று கையை விரித்துவிட்டார்.

அந்தக் கதிர்களைப் பார்க்கக்கூடிய செயற்கைக்கோள் இன்னும் ஒன்றுதான் இருந்தது. மேகம் அதன் பார்வைக்குள் வரும் அந்த ஒரே வாரம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருந்த பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். ஒருகாலத்தில் அவளுக்குக் கணவனாக இருந்தவன். ஏதோ ஒரு இரட்டை நட்சத்திரத்துக்காக அவனும் தவம் கிடந்துதான் அந்த வாரத்தை வாங்கியிருப்பான்.

மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தாள். 'என்னங்க' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "சார்" என்றாள்.

"சாரா?" அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. அவள் குரல் அப்படி இருந்தது.

அவள் சொன்னாள். சொல்லி முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். பாதி நேரம் போதும் என்றாள், அதிலும் பாதி போதும் என்றாள், கட்டுரையில் அவன் பெயரை முதலில் போடுவதாகச் சொன்னாள். தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. கீழிருந்து ஏறிவந்த ஒருத்தி தயங்கி, வந்த வழியே இறங்கிப் போனாள்.

அவன் பழசை எடுத்தான்.

"நான் பெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பினப்ப, ஒரு வார்த்த, இருங்கன்னு சொல்லல நீ."

"அப்ப எனக்குக் கெஞ்சத் தெரியல."

"இப்பத் தெரியுது."

"ஆமா. இப்பத் தெரியுது."

அவன் போனை வைத்துவிட்டான். அதன்பின் அவன் எடுக்கவேயில்லை. அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மறந்தாள். யார் பேசினாலும் போனையே பார்த்தாள். அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும், கிடைக்கட்டும், கிடைத்தால் போதும் என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள். வாரம் தொடங்குவதற்கு முந்தின நாள், ஒதுக்கீட்டில் அவன் நேரத்தில் பாதி அவள் பெயருக்கு மாறியிருந்தது. கூட ஒரு வரி இல்லை. நன்றி சொல்லக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

செயற்கைக்கோளின் பதிவு வந்துசேர்ந்த காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மொத்தமாகத் திறந்து பார்க்கத் துணிவில்லை. கதிர்கள் விழுந்த வரிசையிலேயே திரையில் ஓடவிட்டாள். கறுப்பு. கறுப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. மேகத்தின் ஓரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது, சுற்றிவந்த கதிர் ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, அதற்குச் சற்றுத் தள்ளி, இன்னொன்று. வெளிச்சம் விலகிக்கொண்டிருந்தது, அவள் பார்க்கப் பார்க்க.