செல்லையா வீட்டிலிருந்து ஓர் அம்பு

1

மறைப்பானேன், இந்தக் கதை எனக்கு ஒரு பிழைச் செய்தியிலிருந்து கிடைத்தது. பெட்டி, அம்பு, அம்பின் மேல் ஒரு சொல் என்று படம் வரைய ஒரு முறை இருக்கிறது. கையால் வரைவதில்லை, இங்கே பெட்டி, இதிலிருந்து அதற்கு அம்பு என்று வரிவரியாகக் கட்டளை எழுதினால் கணினி அச்சுக்குத் தயாராகப் படம் தரும். வரி முடிவில் அரைப்புள்ளி விடுபட்டால், "இந்தப் பாதையைக் கைவிடுகிறேன். அரைப்புள்ளியை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்கும். பாதிக் கதைகளோடு உட்கார்ந்திருக்கும் என்னை இத்தனை மரியாதையாக யாரும் விசாரித்ததில்லை.

2

இலங்கையில், தெஹியோவிட்டைக்கு மேலே, இறப்பர் மரங்களினூடே மூடுபனி மெல்ல

[கைவிடுகிறேன். மூடுபனிக்கு இந்தக் கதையில் வேலையில்லை.]

ஸ்டெபானி கெம்பஸில் படிக்கிறவள். லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தவளைத் தொழிற்சங்கத் தலைவர் பிடித்துக்கொண்டார். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு படம் வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்ட. அவள் வீட்டுக்கொரு பெட்டி வைத்தாள். அம்புகளின் மேல் 'போன்', 'விசில்' என்று எழுதினாள். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான கீழ் லயத்தில் மட்டும் மழை பிடித்தால் சிக்னல் செத்துவிடும், விசிலும் எடுபடாது. முதல் வீட்டுக்கு ஆள் ஓடி வந்து சொன்னால், அங்கிருந்து ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுச் சுவரில் தட்ட வேண்டியதுதான். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், தட்டினால் கேட்கும். அந்த அம்புகளுக்கு 'சுவரில் தட்டு' என்று எழுதினாள்.

கடைசிப் பெட்டி அவளுடைய அம்மா அந்தோனியம்மா. மகள் கெம்பஸுக்குப் போய்விட்டால் அம்மா தனி. அதற்கு முந்திய பெட்டி செல்லையா.*

* செல்லையா தன் வீட்டுப் பின்னால் தண்ணீர் வடியும் கானைத் திருப்பி வெட்டியதில் மழைத்தண்ணீர் முழுவதும் அந்தோனியம்மாவின் அடுப்படிக்குள் வந்தது. கானை எப்போதோ சரி செய்தாயிற்று. பேச்சு மட்டும் இல்லை.

3

"அந்தாளு தட்டி நான் எந்திரிக்கணுமா? அம்ப அழி."

"மண்ணு சரிஞ்சா உங்களுக்கு வேற யாரும்மா சொல்லுவா?"

"மாதா சொல்லுவா."

ஸ்டெபானிக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். வாசலில் சவரம் செய்துகொண்டிருந்த செல்லையா கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"தட்டுறதுக்கென்ன புள்ள? சரி, தட்டுறேன். நாந்தான் தட்டுறேன்னு தெரிஞ்சா ஒங்கம்மா கதவத் தொறக்குமா? அத மொதல்ல கேட்டுட்டு வா."

[இந்த இடத்தில் எனக்கு செல்லையா மேல் சந்தேகம் வந்தது. இவர் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் கதை தானாக ஓடும். நியாயமான கேள்வி கேட்டுக் காலை வாரிவிட்டார்.]

4

முடிவு அ: மலை சரிகிறது. செல்லையா தட்டுகிறார், அந்தோனியம்மா பிழைக்கிறாள், இருவரும் அழுகிறார்கள். இரண்டு பேரைப் பேசவைக்க ஒரு மலையையே சரிப்பதா? வேண்டாம்.

முடிவு ஆ: செல்லையா தட்டுகிறார். தட்டுவது யாரென்று தெரிந்து அந்தோனியம்மா படுத்தே கிடக்

[கைவிடுகிறேன். அரைப்புள்ளியை மறக்கவில்லை. எழுத மனம் வரவில்லை.]

5

ஞாயிறு மத்தியானம், ஸ்டெபானி பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். படம் இன்னும் முடியவில்லை. அம்மா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தன் பெட்டியைக் குத்திக்கொண்டு நின்ற அம்பையே பார்த்தாள்.

"தகரத்துல ஒரு சொட்டு விழுந்தாலே முழிக்கிறவ நானு. அந்தாளு விடுற கொறட்ட இங்க கேக்குது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் தட்டுறது எனக்கே கேக்கும், இந்தாளு செவுத்த ஒடச்சாலும் எந்திரிக்க மாட்டான்."

"அப்ப?"

"அப்ப அம்பு எங்கிட்டு இருந்து போவணும்னு நீயே பாரு. படிச்சவதானே."

"நீங்க தட்டுவீங்களாம்மா?"

"மனுசன் சாகட்டும்னா சொன்னேன்?"

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவர் தட்டினால் திறப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஸ்டெபானி அந்த அம்புக்கான கட்டளை வரியில் அடைப்புக்குள் இருந்த குறியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். கணினி குறை சொல்லவில்லை. தலையில்லாத வெறும் கோடு வந்தது. வரி இப்போது இப்படி நிற்கிறது:

\draw[    ] (செல்லையா) -- (அந்தோனியம்மா);

அடைப்புக்குள் -> என்றால் செல்லையா தட்டுவார். <- என்றால் அந்தோனியம்மா தட்டுவாள். <-> என்றால் இருவரும். ஒன்றும் வைக்காவிட்டால் நடுவில் சுவர் மட்டும் இருக்கும்.

பஸ் வந்துவிட்டது, ஸ்டெபானி கணினியை மூடாமல் உங்கள் கையில் தருகிறாள். அரைப்புள்ளியை நான் போட்டுவிட்டேன். அம்பின் தலையை நீங்கள் வையுங்கள். கீழ் லயத்துத் தகரத்தில் மழை விழத் தொடங்கிவிட்டது.