பட்டிப்பொங்கலுக்குத் திறந்த படலை

மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கல் எந்தக் கிழமையில் வந்தாலும் சனிக்கிழமை கொண்டாடுவதுதான் எங்கள் ஒக்லண்ட் வழக்கம். வேலைநாளில் லீவு யார் தருவார்? மாடு கிடைப்பதுதான் மற்றவர்களுக்குக் கஷ்டம். என் மனைவி அன்னபாக்கியத்துக்கு அந்தக் குறையும் இல்லை. நான் சம்பளம் வாங்குவதே மாடு மேயும் மண்ணைக் கிண்டித்தான்.

பாபகூராவுக்கு வெளியே ஒரு பண்ணை. அங்கே இரண்டு புல்வெளிகள். ஒன்றில் மாடுகள் ஓயாமல் மேயும். மற்றதில் ஒருமுறை மேயவிட்டால் பிறகு நீண்ட ஓய்வு. ஓய்வு கிடைத்த புல் வேரை ஆழமாக இறக்கும். வேர் மக்கினால், புல் காற்றிலிருந்து இழுத்த கரி மண்ணோடு தங்கிவிடும். எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அகதியாக வந்து, பெற்றோல் செட்டில் நின்று நின்று கால் வீங்கிய பிறகு, படித்த படிப்புக்குக் கிடைத்த ஒரே வேலை.

1998 தை மாதம் மழை ஏமாற்றிவிட்டது. ஓய்வு வெளியில் மட்டும்தான் புல் நின்றது. நான் கடைசி மண் மாதிரி எடுத்ததும், மின்வேலிக் கம்பியை நகர்த்தி நகர்த்தி, அந்தப் புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா மாடுகளுக்கும் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று பண்ணைக்காரர் நினைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அன்னபாக்கியம் மெலிந்த மாடுகளுக்குக் குங்குமம் வைத்தாள். பொங்கல் ஊட்டினாள்.

"இஞ்சாருங்கோ, விலா எலும்பு தெரியுது. அங்கால இவ்வளவு புல்லு நிக்குது. உங்களுக்கு இரக்கமில்லையே?"

"அது ஆராய்ச்சி, அன்னம். தொடக்கூடாது."

"ஆராய்ச்சி!" என்று முகத்தைச் சுளித்தாள்.

நான் காரைத் திருப்பப் போனேன். அவள் கையலம்பிவிட்டு வந்தாள்.

ஞாயிறு பண்ணையில் ஆளில்லை. திங்கள் போய்ப் பார்த்தால், இரண்டு வெளிக்கும் நடுவிலிருந்த படலை விரியத் திறந்து கிடந்தது. தின்றது பாதி, மிதித்தது பாதி. ஓய்வு வெளி வெறும் கட்டாந்தரை. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"நான்தான் திறந்துவிட்டனான். பட்டிப்பொங்கலண்டு மாடு பட்டினி கிடக்கிறதே?" அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஆராய்ச்சியை மூடினார்கள். மாத முடிவோடு என்னையும் வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். அதுகூடப் போகட்டும். இனிப் போட ஒரு பிடி புல்லில்லை என்று பண்ணைக்காரர் எல்லா மாடுகளையும் இறைச்சிக்கு விற்றார். லொறியில் ஏறிய ஒன்றின் நெற்றியில் குங்குமம் இன்னும் அழியவில்லை. எனக்கு அழக்கூட வரவில்லை.

அன்று இரவு சாப்பாடு போடும்போது அன்னம் கேட்டாள்.

"மாடுகள் எப்பிடி இருக்குதுகள்?"

"நல்லா இருக்குதுகள்."

"வாற வருசமும் பொங்கல் கொண்டுபோவம், என்ன?"

"ஓம்" என்றேன்.